வேலை போன பிறகும் பழைய சம்பளமே கணக்கில்: அமெரிக்கக் கல்லூரி நிதியுதவியைத் திருத்தக் கேட்பது எப்படி

2026 மார்ச்சில் அப்பாவுக்கு லே-ஆஃப். ஆகஸ்டில் மகள் கல்லூரிக்குப் போக வேண்டும். ஆனால் 2026–27 கல்வியாண்டுக்கான ஃபாஃப்சா படிவம், அதாவது மத்திய அரசின் கல்லூரி நிதியுதவி விண்ணப்பம், பார்ப்பது 2024ஆம் ஆண்டின் வருமானத்தை. அந்த ஆண்டில் இருவரும் வேலையில் இருந்தார்கள், போனஸும் வந்தது. பெற்றோர் ஒப்புதல் கொடுத்ததுமே வரித்துறையிலிருந்து எண்கள் நேராகப் படிவத்துக்குள் வந்துவிடுகின்றன. படிவத்தைப் பொறுத்தவரை இது வசதியான குடும்பம்.

இரண்டு ஆண்டு பின்தங்கிய வருமானத்தை எடுக்கும் இந்த ஏற்பாடு 2017–18இல் வந்தது. அக்டோபரிலேயே விண்ணப்பிக்க வேண்டுமானால், ஏற்கெனவே தாக்கல் செய்து முடித்த வரிக் கணக்குதான் கைவசம் இருக்கும் என்பதால் அப்படிச் செய்தார்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதனால் சிக்கல் இல்லை. இடையில் வேலை போனவர்களும், விவாகரத்தானவர்களும், பெரிய மருத்துவச் செலவில் மாட்டியவர்களும்தான் அடிபடுகிறார்கள்.

அவர்களுக்காகச் சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தில் 479ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. ஒரு மாணவரின் தனிப்பட்ட நிலைமையைப் பார்த்து, ஆவணங்களின் அடிப்படையில், கணக்கில் சேரும் எண்களை மாற்றும் அதிகாரத்தை அது கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்குக் கொடுக்கிறது. அலுவலகங்களில் இதை ‘புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்’ என்பார்கள். பெற்றோர் மத்தியில் ‘அப்பீல்’. இந்த முடிவு கல்லூரியோடு முடிந்துவிடும். மத்தியக் கல்வித் துறைக்கு மேல்முறையீடு செய்ய முடியாது. அதே சமயம், ‘நாங்கள் யாருக்கும் இதைச் செய்வதில்லை’ என்று ஒரு கல்லூரி ஒட்டுமொத்தமாகக் கதவை மூடவும் முடியாது. 2020 டிசம்பரில் நிறைவேறிய ஃபாஃப்சா எளிமையாக்கச் சட்டம் அதைத் தடுக்கிறது. இப்படிக் கேட்க வழியிருக்கிறது என்பதைக் கல்லூரி தன் இணையதளத்தில் சொல்லவும் வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது.

அலுவலர் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பது தெரியாமல்தான் பல விண்ணப்பங்கள் வீணாகின்றன. எஸ்.ஏ.ஐ. எனப்படும் மாணவர் உதவிக் குறியீட்டை, அதாவது படிவத்தின் எண்களை ஒரு சூத்திரத்தில் போட்டால் வரும், குறையக் குறைய உதவி கூடும் எண்ணை, அவர் நேரடியாகக் குறைக்க முடியாது. சூத்திரத்திலும் அட்டவணையிலும் கை வைக்க முடியாது. சூத்திரத்துக்குள் போகும் எண்களை மாற்றலாம்: பெற்றோரின் வருமானம், கட்டிய வரி, சொத்து மதிப்பு போன்றவை. அல்லது கல்லூரிச் செலவு என்று கணக்கிட்டிருக்கும் தொகையை மாற்றலாம். ஆகவே, ‘எங்களுக்கு இன்னும் உதவி வேண்டும்’ என்ற கடிதத்தை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ‘படிவத்தில் அப்பாவின் வருமானம் 1,10,000 டாலர் என்று இருக்கிறது, அதற்குப் பதில் இந்தத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள், சான்று இதோ’ என்ற கடிதத்தை வைத்து அன்றே வேலையைத் தொடங்கலாம்.

இரண்டு பெயர்கள், இரண்டு வழிகள்

சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. குடும்பத்தின் பண நிலைமை மாறியது ‘ஸ்பெஷல் சர்கம்ஸ்டன்சஸ்’. பெற்றோரோடு உறவே அறுந்து, அவர்களின் விவரத்தைப் படிவத்தில் தர முடியாத நிலை ‘அன்யூஷுவல் சர்கம்ஸ்டன்சஸ்’. பெயர்கள் ஒன்றுபோலத் தோன்றினாலும் படிவமும் சான்றும் விளைவும் வேறு. தவறான படிவத்தை நிரப்பிவிட்டு இரண்டு மாதம் காத்திருப்பவர்கள் உண்டு.

முதல் வகையில் வருபவை: வேலை, வருமானம் அல்லது சொத்தில் ஏற்பட்ட மாற்றம், வீடிழப்பு, காப்பீடு ஏற்காத மருத்துவ, பல், முதியோர் இல்லச் செலவு, தம்பி தங்கையின் பள்ளிக் கட்டணம், குழந்தைப் பராமரிப்பு, வீட்டில் ஒருவருக்குக் கடுமையான உடல் இயலாமை. ஒரே ஒரு முறை வந்து வருமானத்தை ஊதிக் காட்டிய பணத்தையும் பல கல்லூரிகள் பார்க்கின்றன. ஓய்வூதியக் கணக்கை, வரியை முன்கூட்டியே கட்டிவிடும் ராத் கணக்காக மாற்றியதால் அந்த ஆண்டு வரிக் கணக்கு வீங்கியது போன்றவை.

பொதுவாக எடுபடாதவை: கிரெடிட் கார்டு கடன், கார் தவணை, வீட்டுக் கடன், திருமணச் செலவு. இவற்றை அலுவலர்கள் குடும்பம் தானாக எடுத்த முடிவுகளாகத்தான் பார்ப்பார்கள். கடிதத்தில் இவற்றைச் சேர்த்தால் உண்மையான காரணத்தின் எடையும் குறைகிறது.

மருத்துவச் செலவில் ஒரு நுணுக்கம் உண்டு. குடும்பத்தின் அடிப்படை வாழ்க்கைச் செலவுக்கென்று சூத்திரம் ஒரு தொகையைக் கழித்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறது. அந்தக் கழிவில் 11 சதவீதம் மருத்துவத்துக்கு என்று கொள்ளப்படுகிறது. நான்கு பேர் குடும்பத்துக்கு அது ஏறக்குறைய ஐயாயிரம் டாலர். எனவே ஆறாயிரம் டாலர் பில்லோடு போனால் கணக்கில் சேர்வது சுமார் ஆயிரம்தான். முப்பதாயிரம் என்றால் நிலைமை வேறு. பில் மட்டும் போதாது, கட்டிய ரசீது வேண்டும். காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு ஏற்றது என்று காட்டும் கடிதமும் வேண்டும். ஊரில் அம்மாவின் அறுவை சிகிச்சைக்குக் கட்டியதையும் சேர்த்துக் கேட்கலாம். ஏற்பது அலுவலரின் விருப்பம். மருத்துவமனை ரசீதுடன், பணம் அனுப்பியதற்கான வங்கிச் சான்றும், அன்றைய மாற்று விகிதத்தில் டாலர் கணக்கும் இணைந்திருந்தால் அவருக்கு வேலை எளிது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கலிஃபோர்னியாவில் நான்கு பேர் கொண்ட குடும்பம். 2024இல் அப்பாவுக்கு 1,10,000 டாலர், அம்மாவுக்கு 42,000, மொத்தம் 1,52,000. கணக்கில் சேரும் சேமிப்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். எஸ்.ஏ.ஐ. சுமார் 27,000 வரும்.

2026 மார்ச் இறுதியில் அப்பாவின் வேலை போகிறது. முதல் மூன்று மாதச் சம்பளம் 27,500. நிறுவனம் தரும் விடுவிப்புத் தொகை 18,000. கலிஃபோர்னியாவில் வேலையின்மை உதவி வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர், 26 வாரம், அது 11,700. அம்மாவின் 42,000. ஆக 2026 காலண்டர் ஆண்டின் மொத்தம் 99,200.

இந்த எண்ணைப் போட்டால் எஸ்.ஏ.ஐ. ஒன்பது, பத்தாயிரத்துக்கு இறங்கும். வருமானம் குறைந்த 52,800 டாலரில் பாதிகூட எஸ்.ஏ.ஐ.யில் குறையவில்லையே என்று தோன்றலாம். வருமானம் இறங்கும்போது சூத்திரம் கழித்துவந்த வரியும் இறங்குகிறது. மிச்சத்தில்தான் 22 முதல் 47 சதவீதம் வரை எடுக்கிறது. இந்தக் குறியீட்டுக்கு, மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகையான பெல் கிராண்ட் கிடைக்காது. 2026–27இல் அதிகபட்சப் பெல் தொகையே 7,395தான். பொதுவாக அதிலிருந்து எஸ்.ஏ.ஐ.யைக் கழித்தால் வருவதே மாணவருக்கான பெல். ஆனாலும் கல்லூரிச் செலவு 30,000 என்றால் அதில் எஸ்.ஏ.ஐ. போக மிஞ்சும் ‘தேவை’ மூவாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்கு உயர்கிறது. படிக்கும் காலத்தில் வட்டியை அரசே ஏற்கும் கடனுக்கும், கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தரும் உதவிக்கும் அதுதான் நுழைவாயில். தேவை உயர்ந்த அளவுக்குக் கல்லூரி பணம் தந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும்.

இப்போது அதே குடும்பத்தை வேறு காலவரையறையில் பாருங்கள். காலண்டர் ஆண்டை விட்டுவிட்டு, வேலை போன நாளிலிருந்து அடுத்த பன்னிரண்டு மாதங்களை எடுத்தால் அந்த 27,500 கணக்கிலேயே வராது. மொத்தம் 71,700. எஸ்.ஏ.ஐ. மூவாயிரத்தை ஒட்டி நிற்கும். நான்காயிரம் டாலருக்கு மேல் பெல் கிடைக்கும். குடும்பமும் அதுவே, இழப்பும் அதுவே. எந்தக் காலத்தை எடுப்பது என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கல்லூரிக்குக் கல்லூரி வழக்கம் மாறுகிறது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘வருமான மதிப்பீட்டுக்கு எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுக்கிறீர்கள்?’ சில இடங்களில் வேலை போய் 60 அல்லது 90 நாள் கழிந்த பிறகே விண்ணப்பத்தை வாங்குவார்கள். அதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

கடிதமும் சான்றும்

ஒரு பக்கத்துக்கு மேல் கடிதம் தேவையில்லை. முதல் வரியில் மாணவரின் பெயர், கல்லூரி அடையாள எண், கல்வியாண்டு. அடுத்து, எது எப்போது மாறியது, தேதியோடு. பிறகு எண்கள். உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்: ‘என் தந்தையின் வேலை 2026 மார்ச் 31 அன்று முடிந்தது. 2024இல் அவருடைய ஊதியம் 1,10,000 டாலர். 2026 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை அவர் எதிர்பார்க்கும் வருமானம் 29,700 டாலர்: விடுவிப்புத் தொகை 18,000, வேலையின்மை உதவி 11,700. தாயின் ஊதியத்தில் மாற்றமில்லை. படிவத்தில் உள்ள பெற்றோர் வருமானத்தை இதற்கேற்ப மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ குடும்பம் படும் பாட்டை இரண்டு வரியில் சொல்லலாம். மூன்று பக்கம் எழுதினால் அலுவலர் எண்ணைத் தேடித்தான் களைப்பார்.

இணைக்க வேண்டியவை: கடைசி வேலை நாளும் விடுவிப்புத் தொகையும் குறித்த நிறுவனக் கடிதம், ஆண்டுத் தொடக்கம் முதலான மொத்தத் தொகை தெரியும் கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையின்மை உதவி அலுவலகத்தின் கடிதம், அம்மாவின் சமீபத்திய சம்பளச் சீட்டு, 2024, 2025 ஆண்டுகளின் வரிக் கணக்கும், நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவங்களும். வேலையின்மை உதவிக் கடிதம் வெளியாகி 90 நாளுக்குள் இருந்தால் அதையே சான்றாக ஏற்கச் சட்டம் வகை செய்கிறது; பழைய கடிதமென்றால் புதிதாக ஒன்று இறக்கிக்கொள்வது நல்லது. விடுவிப்புத் தொகையை மறைக்கக் கூடாது. நிறுவனக் கடிதத்திலோ கடைசிச் சம்பளச் சீட்டிலோ அது வெளிப்பட்டே தீரும். ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அதைத் தீர்க்காமல் எந்த உதவியையும் விடுவிக்க அலுவலருக்கு அனுமதி இல்லை.

தன் பங்குக்கு ஃபாஃப்சாவைத் தானே ‘திருத்தி’ இப்போதைய வருமானத்தை எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. படிவம் 2024ஐக் கேட்டால் 2024தான். மாற்றும் உரிமை கல்லூரிக்கு மட்டுமே. இன்னொன்று, ‘வெரிஃபிகேஷன்’ என்ற சரிபார்ப்புக்கு உங்கள் படிவம் எடுக்கப்பட்டிருந்தால் அது முடியும் வரை வருமானத் திருத்தத்தைத் தொட மாட்டார்கள். அப்பீல் பெட்டியில் வாரக்கணக்கில் காத்திருக்கும் விண்ணப்பங்களில் பலவற்றுக்கு, அந்த இன்னொரு பெட்டியில் நிரப்பாமல் கிடக்கும் சரிபார்ப்புத் தாள்தான் காரணம்.

ஒரு கல்லூரி செய்த திருத்தம் அடுத்த கல்லூரியைக் கட்டுப்படுத்தாது. ஐந்து கல்லூரி என்றால் ஐந்து விண்ணப்பம். ஒன்றில் ஏற்று மற்றொன்றில் மறுப்பதும் சகஜம். மறுத்தால், புதிய ஆவணம் கையில் இருந்தால் மட்டும் மறுபடி கேட்கலாம். பெல் பணம் தீர்ந்துபோவதில்லை. கல்லூரியின் சொந்த நிதி தீர்ந்துபோகும். மே மாதம் கேட்பதும் செப்டம்பரில் கேட்பதும் ஒன்றல்ல.

பிரிவு, இறப்பு, ஊரில் இருக்கும் வீடு

பெற்றோர் பிரிந்திருந்தால், கடந்த பன்னிரண்டு மாதத்தில் மாணவருக்கு அதிகப் பொருளாதார ஆதரவு தந்தவர்தான் படிவத்துக்குரிய பெற்றோர். 2024–25க்கு முன்பு யாருடன் அதிக நாள் தங்கினார் என்பது அளவுகோல். பழைய அறிவுரையை நம்பித் தவறான பெற்றோரைப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து தாக்கல் செய்த பழைய வரிக் கணக்கிலிருந்து ஒருவரின் வருமானத்தைப் பிரிக்க இருவரின் டபிள்யூ-2 படிவங்களும் வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தனித்தனி முகவரியைக் காட்டும் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ பல இடங்களில் போதும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ‘பிரிந்துவிட்டோம்’ என்றால் ஃபாஃப்சா ஏற்காது. படிவம் அனுப்பும் முன்பே ஒரு பெற்றோர் இறந்துவிட்டால் அவருடைய வருமானத்தைக் காட்டவே வேண்டாம். அனுப்பிய பிறகு நேர்ந்தால் இறப்புச் சான்றிதழோடு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

நம் குடும்பங்களில் தனியாகக் கிளம்பும் சிக்கல் ஊர்ச் சொத்து. குடியிருக்கும் வீடு ஃபாஃப்சா கணக்கில் வராது. மதுரையிலோ கோவையிலோ வாங்கிப்போட்ட மனையும், பெற்றோர் குடியிருக்கும் ஆனால் உங்கள் பெயரில் உள்ள வீடும், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வைப்புத் தொகையும் கணக்கில் வரும். கடன் போக மிஞ்சும் மதிப்பை எழுத வேண்டும். பெற்றோரின் சொத்தில் எஸ்.ஏ.ஐ.யில் சேர்வது அதிகபட்சம் 5.64 சதவீதம்தான், மாணவரின் பெயரில் இருந்தால் 20 சதவீதம். ஐம்பதாயிரம் டாலர் மனைக்கு முன்னதில் 2,820, பின்னதில் 10,000. வழக்கில் கிடக்கும் பூர்வீகச் சொத்து, விற்க முடியாத கூட்டுப் பட்டா போன்றவற்றை மதிப்பில் குறைத்துக் காட்ட வேண்டுமென்றால் அலுவலரிடம் ஆவணத்தோடு கேட்கலாம். பட்டாவும் வழக்குத் தாளும் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் போய்ப் பயனில்லை.

பெற்றோரின் விசா நிலை இதில் தடையில்லை. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை, எச்-1பி பெற்றோர் என்றாலும் பிள்ளை விண்ணப்பிக்கலாம்; திருத்தமும் கேட்கலாம். பெற்றோரைச் சார்ந்து வரும் எச்-4 விசாவில் உள்ள பிள்ளைக்கு மத்திய உதவியே கிடையாது. அங்கே கல்லூரியின் சொந்த நிதிதான் வழி. பெரிய தனியார் கல்லூரிகள் பலவும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற வேறு படிவத்தையும் கேட்கும்; குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக்கூடச் சில கல்லூரிகள் அதில் பார்க்கும். ஒரே சமயம் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் சுமையை வகுத்துப் பார்க்கும் வழக்கத்தை ஃபாஃப்சா 2024–25இல் கைவிட்டது. பல தனியார் கல்லூரிகள் தங்கள் நிதியில் அதை இன்னும் பார்க்கின்றன. அங்கே ‘இன்னொரு கல்லூரி இவ்வளவு தருகிறது’ என்று காட்டிப் பேசவும் முடியும். மத்திய உதவித் திருத்தத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பெற்றோர் விவரமே தர முடியாதபோது

24 வயது நிறையாத, திருமணமாகாத மாணவர் பெரும்பாலும் பெற்றோரைச் சார்ந்தவராகவே கருதப்படுவார். கைவிட்ட பெற்றோர், கொடுமைக்கு அஞ்சி அறுந்த உறவு, ஆள்கடத்தல், சிறையில் உள்ள பெற்றோர், சட்டப்படி அகதி அல்லது தஞ்சம் பெற்ற நிலை ஆகியவற்றில் அலுவலர் அவரைத் தனித்தவராக ஏற்கலாம். இலங்கையில் பெற்றோரை விட்டுவிட்டுத் தஞ்சம் பெற்று வந்த இளைஞர் இந்த வகையில் கேட்கலாம். படிவத்தில் அதற்கான கேள்விக்கு ‘ஆம்’ என்றால் பெற்றோர் கையெழுத்து இல்லாமலே தற்காலிகமாக ஒரு குறியீடு கிடைக்கும். பிறகு கல்லூரி உறுதி செய்ய வேண்டும். மாணவர் சேர்ந்த 60 நாளுக்குள் கல்லூரி முடிவு சொல்லியாக வேண்டும். நீதிமன்றத் தாள் இல்லாவிட்டால் ஆலோசகர், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் கடிதம் செல்லும். அலுவலர் மாணவரிடம் நேர்காணல் நடத்திக் குறித்துவைப்பதும் சான்றே.

இந்த நான்கும் தாமாகப் போதாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது: பெற்றோர் பணம் தர மறுப்பது, விவரம் தர மறுப்பது, வரியில் மாணவரைக் காட்டாதது, மாணவர் சொந்தக் காலில் நிற்பது. ‘அவன் இஷ்டத்துக்குப் படிக்கிறான், நான் கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று அப்பா பிடிவாதம் பிடித்தால் மாணவர் தனித்தவர் ஆகிவிட மாட்டார். கல்லூரி அனுமதித்தால் வட்டிச் சலுகையில்லாக் கடன் மட்டும் கிடைக்கும், முதல் ஆண்டில் 5,500 டாலர். பெல் இல்லை.

முடிவு வந்த பிறகு

உறவு முறிவை ஒருமுறை ஏற்றால், நிலைமை மாறாதவரை அதே கல்லூரியில் அடுத்த ஆண்டுகளுக்கும் தொடரும். வருமானத் திருத்தம் அப்படியில்லை; ஆண்டுதோறும் புதிதாகக் கேட்க வேண்டும். மார்ச் 2026 உதாரணத்தில் இது முக்கியம். 2027–28 படிவம் பார்ப்பது 2025ஐ, அதாவது அப்பா முழு ஆண்டும் வேலையில் இருந்த காலத்தை. முந்தைய ஆண்டு திருத்தியதைக் கணினி நினைவில் வைக்காது, எஸ்.ஏ.ஐ. மறுபடி 27,000 பக்கம் ஏறி நிற்கும். அப்போதும் வேலை கிடைக்கவில்லை என்றாலோ குறைந்த சம்பளத்தில் சேர்ந்திருந்தாலோ மொத்தக் கோப்பையும் புது ஆவணங்களோடு மறுபடி கொடுக்க வேண்டும். 2028–29 படிவம்தான் 2026ஐப் பார்க்கும். இடைப்பட்ட காலத்தில் செலவுக்காக 401கே ஓய்வூதியக் கணக்கிலிருந்து பணம் எடுத்தாலோ பங்குகளை விற்றாலோ அந்தத் தொகையும் அதே 2026 வருமானத்தில் ஏறியிருக்கும். எதற்காக எடுத்தோம், எங்கே செலவானது என்ற ரசீதுகளை 2028 வரை பத்திரமாக வைத்திருங்கள். அதற்குள் அப்பா பழைய சம்பளத்துக்கே திரும்பியிருந்தாலும் அந்த ஆண்டு குறைந்த எண் தானாகவே வரும். ஆனால் 479ஏ இரு பக்கமும் வேலை செய்யும். இப்போதைய வருமானம் தெரியவந்தால் எஸ்.ஏ.ஐ.யை உயர்த்தவும் அலுவலருக்கு அதிகாரம் உண்டு.